கச்சான் வெயிலில் நிற்கும் போட்டுக்கு எந்த ரெசின்? ஜீ.பி., ஐசோ, வைனைல் எஸ்டர், எப்பொக்சி: ஓர் ஒப்பீடு

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை ஃபைபர் போட் புதிதாகக் கட்டுகிறவர்களும் பழையதைத் திருத்துகிறவர்களும் ரெசின் (கண்ணாடி இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) வாங்கும்போது இரண்டு எண்களைத்தான் கேட்கிறார்கள்: விலை, இழுவை வலிமை. தரவுத்தாளில் அச்சாகும் வலிமை 23 பாகை செல்சியஸ் அறையில், நன்றாக இறுகிய புதுத் துண்டொன்றைச் சில நிமிடங்களுக்குள் இழுத்து அறுத்து எடுத்தது. மட்டக்களப்புக் கரையில் எந்தப் போட்டும் 23 பாகையில் இருப்பதில்லை. எந்தச் சுமையும் சில நிமிடத்தில் இறங்கிவிடுவதும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: 65 பாகைச் சூட்டில், பத்து வருடச் சுமைக்குப் பிறகு, அந்த வலிமையில் எவ்வளவு மிஞ்சும்?

இந்தக் கரையின் சூட்டை முதலில் கணக்கில் எடுப்போம். வைகாசியிலிருந்து ஆவணி வரை மலைநாட்டைத் தாண்டி இறங்கும் தென்மேல் காற்றான கச்சான் வறண்டு, சுட்டெரித்து வீசும். காற்றின் வெப்பநிலை 35 பாகையாக இருக்கும் மத்தியானத்தில் வெள்ளை ஜெல்கோட் (உடலின் வெளிப்பூச்சு ரெசின்) பூசிய தளம் 45 முதல் 50 பாகை வரை ஏறும். கடும் நீலமோ கறுப்போ என்றால் 70 பாகையைத் தாண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்பதால், காற்று அவ்வளவு சுடாத நாளிலும் கிடைமட்டமான தளங்கள் கொதிக்கும். நிறம் மட்டுமே 20 பாகை வித்தியாசத்தைக் கொடுக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ரெசின்களைப் பார்க்க வேண்டும்.

சூடு எதைத் தளர்த்துகிறது

ஃபைபர் கண்ணாடி இழைக்கு 70 பாகை ஒரு பொருட்டே இல்லை. சில நூறு பாகை வரை அது தாங்கும். தளர்வது இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின். ஒவ்வொரு ரெசினுக்கும் ஒரு நிலைமாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் ரப்பர்போலாகி, அதன் விறைப்பு பல மடங்கு இறங்கிவிடும். தரவுத்தாளில் எச்.டி.டி. என்று போட்டிருப்பது இதற்கு நெருங்கிய எண்: குறிப்பிட்ட சுமையில் துண்டு குறிப்பிட்ட அளவு வளையத் தொடங்கும் வெப்பநிலை.

இதனால் இழை ஓடும் திசையில் இழுத்தால் சூட்டில் பெரிய மாற்றம் தெரியாது. அமுக்கினாலோ, வளைத்தாலோ, ஒரு படையின்மேல் மறு படை வழுக்கும்படி தள்ளினாலோ ரெசினின் தளர்ச்சி உடனே வெளிப்படும். போட்டின் உடல் அனுபவிப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். நறுக்கிய இழை மேட் மட்டும் போட்டுக் கட்டிய உடலில் இழைகள் குட்டையாக, எல்லாத் திசையிலும் கிடப்பதால் ரெசினின் பொறுப்பு இன்னும் கூடும். இடையிடையே நெய்த ரோவிங் (நீள இழைக்கற்றைத் துணி) போட்ட உடல் சூட்டில் குறைவாகவே தளரும்.

காலம் செய்யும் வேலை இதைவிட மெதுவானது. ஒரே சுமையின்கீழ் நிற்கும் கலப்புப்பொருள் (இழையும் ரெசினும் சேர்ந்தது) முதல் நொடியில் கொஞ்சம் வளைந்துவிட்டு, அதன்பின் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போகும். இதுதான் ஊர்வு. சாதாரண வெப்பநிலையில் இந்த மேலதிக வளைவு நேரத்தின் சுமார் 0.2 அடுக்காக வளரும் என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் நாளில் 2 மில்லிமீற்றர் ஊர்ந்த பாகம் பத்து வருடத்தில் அதன் ஐந்து மடங்கு, அதாவது சுமார் 10 மில்லிமீற்றர் ஊர்ந்திருக்கும். நிலைமாற்ற வெப்பநிலையை நெருங்கும்போது இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரி மூவரும் 1955இல் வெளியிட்ட சமன்பாட்டின் பொதுவான மாறிலிகளைப் போட்டுப் பார்த்தால், நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேல் 10 பாகை ஏறினாலே பொலிமரின் உள்ளசைவு ஏறக்குறைய 700 மடங்கு வேகமாகும். ஒரு மாத ஊர்வு ஒரு மணி நேரத்தில் நடந்து முடியும். நம் ரெசின்களைப்போல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்த பொலிமருக்கு மாறிலிகள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. சூட்டையும் காலத்தையும் தனித்தனியாக வைத்துப் பேச முடியாததற்குக் காரணம் இதுவே.

நான்கு ரெசின்கள்

ஜீ.பி. என்று விற்கப்படும் ஓர்தோ பொலியெஸ்டர்தான் மலிவு, எங்கும் கிடைக்கும். முழுதாக இறுகினால் எச்.டி.டி. 60 முதல் 70 பாகை. அதாவது கடும் நீலப் போட்டொன்று கச்சான் மத்தியானத்தில் தொடும் அதே வெப்பநிலை. இரண்டு வீத நீட்சியை ஒட்டி ரெசின் வெடிக்கும். தண்ணீரில் அதன் மூலக்கூறுகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகள் மெல்ல அறுபடும், அந்த அறுபடலும் சூட்டோடு கூடும். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், கிடுகுக் கொட்டிலுக்குள் நிழலில் ஏற்றி வைக்கும் சிறு வாவித் தோணிக்கு இது போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஐசோ பொலியெஸ்டரின் விலை ஓரளவு கூடும். எச்.டி.டி. 85 முதல் 100 பாகை வரை போகும், நீட்சி கொஞ்சம் கூடுதல், தண்ணீரை எதிர்ப்பதில் ஜீ.பி.யைவிடத் தெளிவாக மேல். வேலைமுறையில் எந்த மாற்றமும் தேவையில்லை. அதே மேட், அதே ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்), அதே உருளை. கொடுக்கும் மேலதிகக் காசுக்கு அதிகம் திரும்பக் கிடைப்பது இதில்தான்.

வைனைல் எஸ்டரின் எச்.டி.டி. 100 பாகையை ஒட்டி இருக்கும், நீட்சி 4 முதல் 6 வீதம். இந்த நீட்சியைத்தான் கவனிக்க வேண்டும். மேட் போட்ட பொலியெஸ்டர் உடலில், அது உடைவதற்கு வெகு முன்பே, சுமார் 0.3 வீத நீட்சியிலேயே இழையும் ரெசினும் பிரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே நடக்கும். வைனைல் எஸ்டரில் இந்தப் பிரிவு பிந்தித்தான் வரும். எஸ்டர் பிணைப்புகள் குறைவு என்பதால் தண்ணீரும் அதை எளிதில் அரிக்காது. முழுப் போட்டையும் இதில் கட்டினால் செலவு கைமீறும், தேவையும் இல்லை. ஜெல்கோட்டை அடுத்து வரும் முதல் படைகளுக்கு மட்டும் போடலாம். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் 10 சதுர மீற்றர் என்று வையுங்கள். அதில் 300 கிராம் மேட் ஒரு படை, 450 கிராம் மேட் ஒரு படை என்றால் இழை 7.5 கிலோ. மேட்டின் எடையைப்போல் 2.3 மடங்கு ரெசின் பிடிக்கும் என்ற கணக்கில் வைனைல் எஸ்டர் 17 கிலோவை ஒட்டி வரும். மிச்சப் படைகளை ஐசோவில் முடிக்கலாம்.

எப்பொக்சியைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை கூடியது எல்லா இடத்திலும் நல்லது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. ஒட்டும் வலிமையில் எப்பொக்சியை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. இறுகும்போது சுருங்குவதும் மிகக் குறைவு. ஆனால் ஒரு ரெசின் எந்த வெப்பநிலையில் இறுகுகிறதோ, அதைவிட 20, 30 பாகைக்கு மேல் அதன் நிலைமாற்ற வெப்பநிலை பொதுவாக ஏறாது. உள்ளே மூலக்கூறுகள் விறைத்து நின்றுவிடும், மேற்கொண்டு பிணைய இடமிருக்காது. 30 பாகைக் கொட்டிலில் இறுகிய சாதாரண எப்பொக்சி 50 முதல் 60 பாகையில் இளகும். தண்ணீர் ஊறினால் அதிலிருந்தும் 10 முதல் 20 பாகை குறையலாம். சூட்டில் முற்றவைக்காத எப்பொக்சி, நிறம் கூடிய போட்டில், நன்றாக இறுகிய ஐசோவைவிடக் கீழே நிற்கிறது. 60 பாகையில் சில மணி நேரம் வைத்து முற்றவைத்தால் அதே எப்பொக்சி 75, 80 பாகை வரை தாங்கும். அந்த ஏற்பாடு கையில் இல்லாதவர் எப்பொக்சிக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

கடலா, வாவியா

இரண்டும் ஒரே தீர்ப்பைத் தராது. நாவலடி, காத்தான்குடி, கல்முனைக் கரைகளில் போட்டைத் தினமும் மணலுக்கு ஏற்றுகிறார்கள். அடிப்பாகம் காய்கிறது. ஆகவே தண்ணீர் ஊறி ஜெல்கோட்டில் எழும் கொப்புளம் குறைவு, சூட்டின் ஊர்வு அதிகம். இவர்களுக்கு எச்.டி.டி.யும் நிறமும்தான் முக்கியம். வாவியில் கட்டிப்போட்டே வைத்திருக்கும் தோணியும் போட்டும் வருடம் முழுக்க ஊறுகின்றன. ரெசினுக்குள் தண்ணீர் புகும் வேகம் 10 பாகைக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், குளிர்நாடுகளில் இருபது வருடம் எடுக்கும் கொப்புளம் நம் 28, 30 பாகைத் தண்ணீரில் வெகு சீக்கிரமே தலைகாட்டும். அதோடு வடகீழ்ப் பருவமழைக்குப் பின் வாவித் தண்ணீரின் உப்பு குறைகிறது. தண்ணீர் எவ்வளவு நன்னீராகிறதோ, ஜெல்கோட்டுக்குப் பின்னால் தங்கிய கரைபொருட்களை நோக்கி அது அவ்வளவு அழுத்தத்தோடு ஊடுருவும். முகத்துவாரம் வெட்டிக் கடல்நீர் உள்ளே வந்த பிறகுதான் அந்த அழுத்தம் தணியும். எனவே வாவியில் நிரந்தரமாக நிற்கும் போட்டுக்கு வைனைல் எஸ்டர் முதல் படை ஆடம்பரம் அல்ல. மேட் வாங்கும்போது தூள் பசையில் ஒட்டிய வகையைக் கேட்டு வாங்குங்கள். எமல்ஷன் பசையில் ஒட்டியது தண்ணீரை இழுக்கும்.

முற்றுவது எங்கே என்பதுதான் முடிவு

ரெசின் எதுவாக இருந்தாலும் இந்த ஒரு விடயம் அதைவிடப் பெரிது. அச்சிலிருந்து எடுத்த உடல் 24 மணி நேரத்தில் கல்போலத் தட்டுப்படும், ஆனால் முழுதாக இறுகியிருக்காது. பொலியெஸ்டருக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு: அறை வெப்பநிலையில் 24 மணி நேரம், அதன்பின் 80 பாகையில் 3 மணி நேரம், அல்லது 60 பாகையில் 8 மணி நேரம், அல்லது 40 பாகையில் 16 மணி நேரம். நீங்கள் இதைச் செய்யாவிட்டாலும் கரை வெயில் அதைச் செய்யும். போட் இரண்டு தென்னங்குற்றிமேல் நிற்கும்போது, என்ஜின் தொங்கும்போது, உள்ளே வலையும் ஐஸ் பெட்டியும் கிடக்கும்போது செய்யும். அரைகுறையாக இறுகிய உடல் மத்தியானச் சூட்டில் இளகி, குற்றி தாங்கும் இடத்தில் உள்ளே அமுங்கி, நடுவே தொய்ந்து, அந்த வடிவிலேயே முற்றி நிரந்தரமாகிவிடும். அடிப்பாகத்தில் பின்னுக்கு விழுந்த அந்தப் பள்ளத்தோடு போட் வேகமெடுக்கும்போது மூக்கைக் கீழே குத்தும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். அதை என்ஜின் பிழையென்று நினைத்துக் காற்றாடி (புரொப்பெல்லர்) மாற்றுகிறவர்களே அதிகம்.

செய்யும் முறை கடினமில்லை. உடலை அச்சுக்குள்ளேயே விடுங்கள். மேலே பீ.வீ.சீ. குழாயை வளைத்து வில் கட்டி, கறுப்புப் படங்கு போர்த்தி, இரு முனையையும் மணல் மூட்டையால் அடையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். நல்ல வெயில் நாளில் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை 50 பாகைக்கு மேல் கிடைக்கும். 45 பாகைக்கு மேல் நின்ற மணித்தியாலங்களை மட்டும் கூட்டுங்கள், 16 வரும் வரை விடுங்கள். பெரும்பாலும் நான்கு வெயில் நாள் போதும். ஜீ.பி. என்றால் 65 பாகையைத் தாண்டவிடாமல் ஒரு முனையைத் திறந்துவிட வேண்டும். அச்சுக்கு வெளியே செய்வதானால் அடிமரத்தின் நீளம் முழுக்கத் தாங்குகை கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே தொய்வைச் செய்து கொடுத்ததாகிவிடும்.

ஹார்ட்னர் விடயத்தில் நடக்கும் தவறும் இதோடு சேர்ந்ததே. வெயில் காலத்தில் ரெசின் வாளியிலேயே இறுகுகிறது என்று ஹார்ட்னரை அரை வீதத்துக்குக் குறைக்கிறார்கள். 1 வீதத்துக்குக் கீழே போனால் இறுகல் பாதியில் நின்றுவிடும், பிறகு எந்த வெயிலும் அதை முழுமையாக்காது. எச்.டி.டி. 15, 20 பாகை குறைந்த உடலோடு போட் கடலுக்குப் போகும். சரியான வழி வாளியைச் சிறிதாக்குவது: ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். பனி காய்ந்த பிறகு காலை 7.30க்குத் தொடங்கி 10.30க்குள் முடியுங்கள். ரெசின் பரலை நிழலில் வையுங்கள். 1 கிலோ ரெசினுக்கு 1.5 வீதம் என்றால் 15 கிராம், சுமார் 13 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் அளக்காமல் ஊசிக் குழாயால் அளக்க வேண்டும். மறுபக்கம், நான்கு படைக்கு மேல் ஈரத்தின்மேல் ஈரமாக ஏற்றினால் உள்ளே எழும் சூடு 120 பாகையையும் தாண்டி, வெளிறி, வளைந்து, வெடிக்கும். இறுகலை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாகக் கலப்பவர்கள் அதை முதலில் ரெசினில் முழுதாகக் கரைத்த பின்னரே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டும் நேரடியாகத் தொட்டால் தீப்பிடித்து வெடிக்கும்.

என்ஜின் தொங்கும் பலகை

எப்பொக்சிக்கு இங்கேதான் நியாயமான இடம். 40, 50 கிலோ என்ஜின் இரவு பகலாகத் தொங்குகிறது, ஓடும்போது உந்துகிறது, அதிர்கிறது, மேல் விளிம்பு வெயிலில் சுடுகிறது. சூடு, காலம், சுமை மூன்றும் ஒரே அடியில் கூடும் இடம் போட்டில் வேறில்லை. பழைய போட்டொன்றின் பலகையை அருகில் போய்ப் பாருங்கள். வாஷர் 2, 3 மில்லிமீற்றர் உள்ளே அமுங்கி, சுற்றிலும் ஜெல்கோட் நட்சத்திரம்போலக் கீறியிருக்கும், கீழ் போல்ட்டிலிருந்து துருநிறத் தண்ணீர் வடிந்த கோடு இருக்கும். அமுக்கத்தில் ரெசின் ஊர்ந்து, போல்ட்டின் இறுக்கம் தளர்ந்து, துளைவழி தண்ணீர் உள்மரத்துக்குப் போன பாதை அது.

உள்ளே மரீன் பிளைவூட்டை எப்பொக்சியில் ஒட்டி, வெளியே ரோவிங்கும் மேட்டும் மாறி மாறி ஐசோவில் ஏற்றுவதே எங்கள் தெரிவு. அங்கே ஒட்டிய எப்பொக்சியின் மேற்பரப்பைக் கழுவி, உரசி, சொரசொரப்பாக்கிய பின்னரே ஐசோ பிடிக்கும். ஈரக்காற்றில் எப்பொக்சிமேல் படியும் பிசுபிசுப்பு வெறும் தண்ணீரிலேயே கழுவுப்படும். அதை விட்டுவிட்டு உரசினால் அழுக்கை உள்ளே தேய்ப்பீர்கள். போல்ட் துளையை 6 மில்லிமீற்றர் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியும் நறுக்கிய இழையும் கலந்து அடைத்து, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். வாஷருக்குப் பதிலாக இரு போல்ட்டுக்கும் பொதுவான துருப்பிடிக்கா உருக்குத் தகடு போடுங்கள். இரண்டு கிழமை கழித்து ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும், ஊர்வு மிக வேகமாக நடப்பது அந்த முதல் நாட்களில்தான். நீண்டகாலச் சுமைக்குக் கண்ணாடி இழை அமைப்பின் உடைவலிமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நம்பக்கூடாது. கொங்கிறீற் கட்டடங்களை வலுப்படுத்தக் கண்ணாடி இழை ஒட்டும்போதும் அமெரிக்கக் கொங்கிறீற் நிறுவனத்தின் வழிகாட்டி இதே 0.20 எல்லையைத்தான் தருகிறது. காபன் இழைக்கு அது 0.55.

பழைய உடலில் ஒட்டுப் போடுவதற்கும் எப்பொக்சி நல்லது. சேதத்தைச் சுற்றித் தடிப்பின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக உரசி, 40 அல்லது 60 இலக்க உரசுதாளில் முடித்து ஒட்டலாம். ஒட்டு கறுப்புப் படங்கின்கீழ் இரண்டு மத்தியானம் முற்றட்டும், பிறகே பெயின்ட். ஒருமுறை எப்பொக்சியில் ஒட்டிய இடத்தில் அடுத்த தடவை, கழுவி உரசாமல் போட்டால், பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எப்பொக்சியால் திருத்திய இடத்தை உரிமையாளர் குறித்து வைத்திருக்க வேண்டும், அடுத்த திருத்துநருக்குச் சொல்ல வேண்டும்.

போட்டைப் பொறுப்பேற்கும்முன் உள்பக்கத்தில் மெழுகு இல்லாத இடமொன்றை அசிற்றோன் நனைத்த துணியால் அரை நிமிடம் தேயுங்கள். பிசுக்கென்று ஒட்டினால் இறுகல் போதாது. மூடிவைத்த உடலுக்குள் ரெசினில் கலந்திருக்கும் ஸ்ரைரீன் மணம் தூக்கலாக அடித்தாலும் அதே பொருள். பார்கோல் கடினமானி இரவல் கிடைத்தால் பத்து இடத்தில் குத்திப் பார்க்கலாம். பொலியெஸ்டர் உடலில் 35க்குக் கீழே வாசிப்புகள் வந்தால் மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன் அந்த உடலை மீண்டும் அச்சுக்குள் வைத்துப் படங்கு போடச் சொல்லுங்கள்.